அடுப்பு அணையாமல் வீடு மாறு

“நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராதுங்கண்ணா.”

போன மாதம் சோலூரில் ஒரு தேநீர்க் கடையில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஒரு தம்பி என்னிடம் சொன்னது இது. கணினி அறிவியலில் பட்டம் வாங்கியவன். ஓடிக்கொண்டிருக்கிற சர்வரை நிறுத்தாமலே ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றுவது என் வேலை, அதையும் கையால் செய்யாமல் ஸ்கிரிப்ட் எழுதிச் செய்கிறேன் என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கண் விரியக் கேட்டான். கேட்டு முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இதைச் சொன்னான். அதெல்லாம் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்கள் செய்கிற வேலையாம்.

எனக்குச் சுருக்கென்றது. கோபம் அவன்மேல் இல்லை. அந்த வாக்கியத்தை அவன் வாயில் வைத்துப் பழக்கியவர்கள்மேல். “மலைக்காட்டுப் பிள்ளைகளுக்கு இது போதும்” என்று அவன் காதுபடவே அளந்து கொடுத்தவர்கள்மேல். பேருந்து வந்துவிட்டதால் அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். அவனுக்கு மட்டுமில்லை, நீலகிரியின் ஒவ்வொரு ஹட்டியிலும் எஸ்டேட் லயத்திலும் அதே வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் சொல்கிறேன்.

கேள். நீ டீ குடித்த அந்த பெஞ்சிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு. நேற்று இரவு அங்கே உட்கார்ந்து, சென்னை அம்பத்தூரில் இருக்கிற ஒரு ஹோஸ்ட் இயந்திரத்தை முழுக்கக் காலி செய்தேன். அதற்குள் பதினொரு வி.எம். ஓடிக்கொண்டிருந்தன. பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்து ஹோஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒன்றில் ஒரு மருந்துக் கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கை நிற்கவில்லை. நடுவில் நம் ஊர்க் காற்றுக்கு இரண்டு முறை மின்சாரம் போனது. அதனாலும் ஒன்றும் கெடவில்லை. ஸ்கிரிப்ட் என் மடிக்கணினியில் ஓடவில்லை, அம்பத்தூரில் ஓடியது. எழுதி அனுப்பியவன்தான் சோலூரில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கை ஒரு காலத்தில் நடுங்கிய கை. அந்தக் கதைக்கு வருமுன், வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். புரியாத பொருளைத் தூரத்தில் வைத்துக் கும்பிடுகிற பழக்கம் நமக்கு வேண்டாம்.

ஒரு பெரிய இயந்திரம் ஹோஸ்ட். அதற்குள் மென்பொருளால் பிரித்து வைத்த பல கணினிகள் குடியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வி.எம்., அதாவது விர்ச்சுவல் மெஷின். தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொண்டு அது ஓடும். ஹோஸ்டில் நினைவகம் பழுதாகும். விசிறி நிற்கும். பாதுகாப்புத் திருத்தம் போட்டு மறுதொடக்கம் செய்ய வேண்டி வரும். அப்போது உள்ளே குடியிருப்பவர்களை என்ன செய்வது? எழுப்பி வெளியே நிறுத்தலாம், அதாவது சேவையை நிறுத்தலாம். அல்லது அவர்கள் தூக்கம் கலையாமலே கட்டிலோடு பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இரண்டாவதுதான் லைவ் மைக்ரேஷன்.

எப்படி நடக்கிறது? பசுந்தேயிலை எடை போடும் இடத்தை நினைத்துக்கொள். எடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார். மூட்டை வந்துகொண்டே இருக்கிறது. அவரை நிறுத்தாமல் அந்த நோட்டை அப்படியே இன்னொரு நோட்டில் பகர்க்க வேண்டும். என்ன செய்வாய்? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒருமுறை எழுதுவாய். எழுதி முடிப்பதற்குள் அவர் சில பக்கங்களில் புதிதாகக் கை வைத்திருப்பார். எந்தெந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் மறுபடி எழுதுவாய். இந்த முறை இன்னும் கொஞ்சப் பக்கங்களே மாறியிருக்கும். சுற்றுக்குச் சுற்று வேலை சுருங்கும். கடைசியில் நாலைந்து வரிதான் மிச்சம் என்றானதும், “அண்ணா, ஒரு நிமிஷம்” என்று அவர் பேனாவைப் பிடித்து, அந்த வரிகளையும் எழுதி, புது நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுவாய். அடுத்த மூட்டை புது நோட்டில் ஏறும்.

4 ஜிபி நினைவகம் உள்ள வி.எம்.மில் அப்படி 10,48,576 பக்கங்கள். விநாடிக்கு 1 ஜிகாபிட் போகிற கம்பியில் முதல் சுற்றுக்கு முப்பத்தைந்து விநாடி போல ஆகும். கடைசியில் பேனாவைப் பிடிக்கிற அந்த ‘ஒரு நிமிஷம்’ இருக்கிறதே, கியூஇஎம்யூ என்ற மென்பொருளில் அதற்கு வழக்கமாக வைத்திருக்கும் உச்ச அளவு 300 மில்லி விநாடி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸென் என்ற மென்பொருளை உருவாக்கிய குழு 2005-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஆட்கள் ஆடிக்கொண்டிருந்த ஒரு வீடியோ விளையாட்டின் சர்வரையே அவர்கள் இடம் மாற்றிக் காட்டினார்கள். நின்ற நேரம் 60 மில்லி விநாடி. கண் இமைக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

இதில் மந்திரம் எங்கே இருக்கிறது, சொல்? ஒரு நோட்டைப் பகர்த்து எழுதுகிற புத்தி. அந்தப் புத்தி உன் வீட்டில் இல்லையா?

இப்போது என் கதை. 2014. கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. மூன்று ஹோஸ்ட், இருபது வி.எம். ஒரு சனிக்கிழமை இரவு ஒரு ஹோஸ்டில் நினைவகம் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு வி.எம்.மையும் கையால் கட்டளை தட்டி நகர்த்திக்கொண்டிருந்தேன். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. நான்காவது வி.எம். நகர்ந்தபோது, போய்ச் சேர்ந்த இடத்தில் அதை நிரந்தரமாகப் பதிவு செய்யச் சொன்னேன். பழைய இடத்தில் அதன் பதிவை நீக்கச் சொல்ல மறந்தேன். ஒரே ஒரு சொல் விடுபட்டது. நினைவகம் மாற்றி ஹோஸ்டை எழுப்பினோம். ஹோஸ்ட் எழும்போது தானும் எழ வேண்டும் என்ற குறிப்பு அந்தப் பழைய பதிவில் இருந்தது. அதுவும் எழுந்துகொண்டது. ஒரே வட்டில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தன. ஒரே நோட்டில் இரண்டு எடைக்காரர்கள், ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல்.

விடிந்தபோது ஒரு துணி வியாபாரியின் கணக்கு முழுதும் சிதைந்து கிடந்தது. வியாழக்கிழமைப் பிரதியிலிருந்து மீட்டோம். இரண்டு நாள் பில்களைத் தாளைப் பார்த்து மறுபடி தட்டினார்கள். “இனிமே நீ சர்வர் பக்கம் கை வைக்காதே” என்றார்கள். நானும் அதை நம்பினேன். பையைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் பேருந்து ஏறி, சோலூர் வந்து சேர்ந்தேன். நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது. அன்று இந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான்தான், தம்பி. அதனால்தான் உன் வாயில் அதைக் கேட்டதும் சுருக்கென்றது.

எங்கள் தோட்டத்தில் அப்போது கவாத்து நடந்துகொண்டிருந்தது. நானும் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் நாள் பாட்டி கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சர்வர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும்போது கெட்டுவிட்டது என்பது புரிந்தது. படுகு மொழியில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

அவர் கல்யாணமாகி வந்தபோது இந்தச் சரிவு முழுக்க உருளைக்கிழங்கு. பிறகு புழு வந்தது. அது பள்ளிக்கூடத்துப் பாடமாகப் படிக்கவேண்டிய செய்தி: உருளைக்கிழங்கை அழிக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் நீலகிரியில், 1961-இல். கண்ணுக்குத் தெரியாத புழு, மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மலையில் பல குடும்பங்கள் தேயிலைக்கு மாறின. ஆனால் தேயிலைச் செடி நட்ட அன்றே சோறு போடாது. கொழுந்து பறிக்கவே மூன்று வருடம் போல ஆகும். நல்ல விளைச்சலுக்கு இன்னும் மேலே.

“அப்போ அந்த மூணு வருஷம் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

பாட்டி சிரித்தார். எல்லாக் கிழங்கையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டா தேயிலை வைத்தார்கள்? மேல் பாத்தியில் நாற்று நட்டார்கள். கீழ்ப் பாத்தியில் கிழங்கும் பூண்டும் அப்படியே நின்றன. நாற்று வேர் பிடித்து நின்றது என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த பாத்தியில் மண்வெட்டி இறங்கியது. தாத்தா தினமும் சாயங்காலம் போய் எண்ணிவிட்டு வருவாராம், எத்தனை பிடித்தது, எத்தனை போனது என்று. “ஒரு நாள்கூட அடுப்பு அணையலே” என்றார் பாட்டி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த கர்வத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

அன்று இரவு ஒரு நோட்டை எடுத்தேன். என் பயங்களை எழுதினேன். சேர்கிற ஹோஸ்டில் இடம் இல்லாவிட்டால்? இரண்டு ஹோஸ்டின் செயலியும் வேறு வேறு தலைமுறையாக இருந்தால்? பொது வட்டு ஒரு பக்கம் இணைந்து மறு பக்கம் இணையாமல் இருந்தால்? வழியில் தீச்சுவர் மறித்தால்? நகல் முடியவே முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? போய்ச் சேர்ந்ததும் பழையது செத்ததாக நடித்து, பிறகு எழுந்தால்? இப்படி இருபத்து மூன்று பயங்கள். எழுதி முடித்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. நெஞ்சில் கிடந்தவரை அவை ஒரே இருட்டு. தாளில் இறங்கியதும் இருபத்து மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று இயந்திரமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள்.

தம்பி, ஸ்கிரிப்ட் என்பது அதுதான். ‘இப்படி இருந்தால்’ என்று தொடங்குகிற ஒவ்வொரு வரியும் எழுத்தில் வைத்த ஒரு பயம். மேடையில் நின்று “பயத்தைத் தூக்கி எறி” என்று முழங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. எறியாதே. எழுது. ஒவ்வொன்றையும் உட்காரவைத்து விசாரி. பதில் வாங்கு. அப்படி வாங்கிய பதில்களின் மேல் எழுந்து நிற்கிற தைரியத்தை நடு இரவிலும் யாராலும் ஆட்ட முடியாது.

என் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று கேட்டால் வெட்கமில்லாமல் சொல்வேன், அது ரொம்பச் சந்தேகக்காரன். கிளம்புமுன் போகிற ஹோஸ்டைக் கூப்பிட்டு, கையில் எவ்வளவு நினைவகம் மிச்சம் என்று கேட்கும். வி.எம்.முக்குத் தேவையானதற்கும் மேலே 2 ஜிபி மீதம் இல்லையென்றால் நகராது. பொது வட்டில் இந்தப் பக்கம் ஒரு சின்னக் கோப்பை எழுதி, அந்தப் பக்கத்திலிருந்து படித்துப் பார்க்கும். லிப்விர்ட் என்ற மென்பொருள் இந்த வேலைக்குப் பயன்படுத்துகிற வாசல்கள் 49152 முதல் 49215 வரை. அவை திறந்திருக்கின்றனவா என்று தட்டிப் பார்க்கும். (புதிதாகக் கற்பவர்களில் பாதிப் பேர் இந்த வாசலில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். நீயும் நிற்பாய். கலங்காதே.) ஒன்று விழுந்தால் மற்றது தாங்க வேண்டும் என்று இரட்டையாக வைத்த வி.எம்.கள் இரண்டும் ஒரே ஹோஸ்டில் போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நகர்த்தும். சேர்ந்ததும் புது இடத்தைக் கேட்கும், ஓடுகிறாயா? பழைய இடத்தைக் கேட்கும், அவன் பெயர் உன்னிடம் இன்னும் இருக்கிறதா? முன்னதற்கு ‘ஆம்’, பின்னதற்கு ‘இல்லை’. இரண்டும் வந்தால்தான் அடுத்த அடி. அதற்கும் மேலே, வாடிக்கையாளர் திறக்கிற அதே பக்கத்தைத் தானும் ஒருமுறை திறந்து பார்க்கும். தாத்தா சாயங்காலம் நாற்றைத் தொட்டுப் பார்த்த மாதிரி. எங்கே ஒன்று பிசகினாலும் மேற்கொண்டு போகாமல் நின்று, என்னை எழுப்பும். இரண்டாம் முறை ஓட்டினால் ஏற்கெனவே போனவற்றைத் தொடாது, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எழுதப் பதினைந்து நாள். அதைச் சோதிக்க இரண்டு மாதம். சோதனையில் வேண்டுமென்றே கம்பியைப் பிடுங்கினேன். வேண்டுமென்றே வட்டை நிரப்பினேன். அந்த நிறுவனத்துக்கு நான் திரும்பப் போகவில்லை. வேறொன்றில் நேர்காணலுக்குப் போனபோது அந்த நோட்டையும் ஸ்கிரிப்டையும் மேசையில் வைத்தேன். கேட்டவர் பட்டத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டாவது பயத்தில் விரல் வைத்து, “இது உங்களுக்கு நடந்திருக்கிறதா?” என்றார். ஆம் என்றேன். வேலை கிடைத்தது.

இந்த நுட்பத்தில் இன்னொரு முறையும் உண்டு. போஸ்ட்-காப்பி என்பார்கள். முதலில் ஆள் குதித்துவிடுவான், உடைமைகள் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேரும். தேவையான இடங்களில் அருமையான முறைதான். ஆனால் நடுவில் கம்பி அறுந்தால் இங்கேயும் முழுசாக இல்லை, அங்கேயும் முழுசாக இல்லை. “எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குதி, வாழ்க்கை தாங்கிக்கொள்ளும்” என்று உனக்குச் சொல்கிறவர்கள் இந்த முறையைத்தான் விற்கிறார்கள். வாங்காதே. அப்பாவின் தோட்டத்தை விற்காதே. இப்போது பார்க்கிற வேலையை நாளைக் காலையில் விடாதே. பழையது ஓடிக்கொண்டே இருக்கட்டும். ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை ஒவ்வொரு பக்கமாகப் புது இடத்துக்கு நகலெடு. புது இடம் பதில் சொன்ன பிறகு பழையதை அணை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பக்கங்கள் மாறுகிற வேகம் நகலெடுக்கிற வேகத்தைவிட அதிகமாக இருந்தால் மைக்ரேஷன் முடியவே முடியாது. சுற்று மேல் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது, முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால், கியூஇஎம்யூ அந்த வி.எம்.மின் செயலி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். நகல் எட்டிப் பிடித்ததும் விட்டுவிடும். உன் நாளும் அப்படித்தான் கிடக்கிறது. கைபேசியில் விரல் தள்ளத் தள்ள மண்டைக்குள் பக்கங்கள் மாறிக்கொண்டே இருந்தால், படித்தது எங்கே போய்ச் சேரும்? குறை. துறவியாகச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் குறை. நகல் எட்டிப் பிடிக்கும்.

“சோலூரில் உட்கார்ந்துகொண்டா?” என்று கேட்பாய். சோலூர் என்றாலே கோத்தகிரிப் பக்கத்துச் சோலூர்மட்டமா என்று கேட்கிறார்கள், நம் ஊர்ப் பெயர்கூடத் தெரியாது என்பாய். தெரியாவிட்டால் என்ன? 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நமக்குப் பக்கத்துக் கிளென்மார்கனிலிருந்து இறங்கும் குழாய்களில் தண்ணீர் ஏறத்தாழ 3,000 அடி கீழே சிங்காராவுக்குப் பாய்ந்தது. அந்த மின்சாரம் கோயம்புத்தூர் ஆலைகளின் கதிர்களைச் சுழற்றியது. ஆலை அங்கே, ஆற்றல் இங்கே. தொண்ணூறு வருடத்துக்கு முன்பே இந்த மலை சமவெளியின் இயந்திரங்களை ஓட்டியிருக்கிறது. இன்று அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்குள் ஓடுகிற இயந்திரங்களுக்கு அருகே மனிதன் நிற்க வேண்டிய தேவை மிகக் குறைவு. அவற்றுக்கு வேண்டியது பிழையில்லாத கட்டளை. அதை எழுதுகிற கை எந்த உயரத்தில் இருந்தால் என்ன?

ஊட்டியை அடுத்த முத்தோரைக்குப் போயிருக்கிறாயா? போகவில்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போ. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி அங்கே ஒரு மலைச்சரிவில் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இந்தியர்களே வடிவமைத்துக் கட்டி, 1970-இல் இயங்க வைத்தது. ஏன் ஊட்டி? அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே 11 பாகைச் சாய்வில் வடக்கு தெற்காகக் கிடக்கும் ஒரு சரிவில் தொலைநோக்கியைக் கிடத்தினால், அது பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். ஒரே அச்சில் திருப்பி வானத்து மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். சமவெளி கிடைக்கவில்லை என்று அவர்கள் வருந்தவில்லை. சரிவைத் தேடி அலைந்து நம் மலைக்கு வந்தார்கள். நீ எதைக் குறை என்று நினைத்துத் தலைகுனிகிறாயோ அதைத் தேடி வந்தவர்கள் கட்டியது, போய்ப் பார்.

இதே ஊட்டியில் இன்னொன்றும் இருந்தது, நெஞ்சு கனக்காமல் அதைச் சொல்ல முடியாது. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே சுருளும் செய்து நாட்டுக்கே கொடுத்த ஆலை. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிந்தது அதனால்தான். இருட்டறையில் விரல் நுனியால் வேலை செய்த அந்தத் தொழிலாளர்களின் நுணுக்கத்துக்கு ஈடு இல்லை. டிஜிட்டல் வந்தது. உலகமே படச்சுருளை விட்டு நகர்ந்தது. அத்தனை திறமையையும் கொண்டுபோய் வைக்க இன்னொரு இடம் தயாராக இருக்கவில்லை. ஹோஸ்ட் நின்றது, உள்ளே ஓடிய வாழ்க்கைகளும் நின்றன. அவர்கள் குற்றமில்லை அது. ஆனால் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான நாம் அந்தப் பூட்டிய வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் இன்று ஓடிக்கொண்டிருக்கிற ஹோஸ்ட் நின்றால், என்னை எடுத்துப் போய் வைக்க இரண்டாவது ஹோஸ்டைத் தயார் செய்துவிட்டேனா?

தயார் செய்ய இது நல்ல நேரம். லைவ் மைக்ரேஷன் நுட்பத்தை 2003-இல் வணிகப் பொருளாக்கிப் பெயர் வாங்கியது விஎம்வேர் நிறுவனம். 2023 நவம்பரில் அதை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பது நின்று, சந்தா முறை வந்தது. அதிலிருந்து உலகெங்கும் நிறுவனங்கள் கேவிஎம், பிராக்ஸ்மாக்ஸ் போன்ற திறந்த மூல மாற்றுகளைத் தேடுகின்றன. ஆயிரக்கணக்கான வி.எம்.களைக் கையால் நகர்த்த யாராலும் ஆகாது. நகர்த்த ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைகள் வெளிவந்தபோது என்ன நடந்தது என்று தேடிப் படி. உலகத்தின் ஹோஸ்டுகளுக்கெல்லாம் அவசரத் திருத்தம் தேவைப்பட்டது. கூகுள் தன் மேகச் சேவையில் வாடிக்கையாளர்களின் வி.எம்.களை நிறுத்தாமல் நகர்த்தியே திருத்தத்தைப் போட்டு முடித்ததாக அறிவித்தது. அத்தனையையும் விடிய விடிய ஆட்கள் உட்கார்ந்து தட்டியிருக்க முடியுமா? அதைச் செய்தது முன்கூட்டியே எழுதி வைத்த வரிகள்.

கருவிக்குக் காசு வேண்டாம். கேவிஎம் 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 முதல் லினக்ஸ் கருவோடே வருகிறது. கியூஇஎம்யூவும் லிப்விர்ட்டும் இலவசம். மூலநிரலே திறந்து கிடக்கிறது. அதை இறக்குகிற நேரத்தில் நீ எந்தக் கல்லூரி, எந்தச் சாதி, எந்த ஊர் என்று எந்தச் சர்வரும் உன்னைக் கேட்பதில்லை. ஆங்கிலம் தடுமாறினால் கணியம் தளத்தில் லினக்ஸைப் பற்றித் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கு.

இரண்டு பழைய மடிக்கணினிகளைத் தேடு. திரை உடைந்தது போதும், ஆனால் இரண்டும் ஒரே தலைமுறைச் செயலியாக இருக்கட்டும். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதியைத் திற. இரண்டிலும் லினக்ஸ் போடு. ஊட்டியில் ஒரு லேன் கேபிள் வாங்கி இரண்டையும் நேரடியாக இணை. ஒன்றின் வட்டில் ஒரு கோப்புறையை என்எஃப்எஸ் வழியாக மற்றதற்கும் பகிர். அதில் 512 எம்பி நினைவகத்தோடு சின்னதாக ஒரு வி.எம். எழுப்பு. கடவுச்சொல் கேட்காதபடி எஸ்எஸ்ஹெச் சாவியை மாற்றிக்கொள். முதல் முறை நகராது. பிழைச்செய்தியை முழுக்கப் படி. நோட்டில் எழுது. அதுதான் உன் முதல் பயம், அதற்கு ஸ்கிரிப்டில் முதல் வரி. இரண்டாம் முறையும் நகராமல் போகலாம். அதையும் எழுது. என் நோட்டில் இருபத்து மூன்று இருந்தன, உன்னுடையதில் முப்பது இருக்கட்டும்.

ஒரு ஜன்னலில் அந்த வி.எம்.முக்கு பிங் ஓடவிடு. வரிசை எண் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டிருக்கட்டும். இன்னொரு ஜன்னலில் உன் ஸ்கிரிப்டைத் தட்டு. வி.எம். ஒரு மடிக்கணினியை விட்டு இன்னொன்றுக்குப் போய்ச் சேரும். எண்கள் ஏறிக்கொண்டே இருக்கும். எத்தனை தவறியது என்று எண்ணு. பிறகு அதே தேநீர்க் கடைக்கு வா. அந்த பெஞ்சில் உட்கார்ந்து, அந்த எண்ணை என்னிடம் சொல். தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் சொல்.